ஆறிய ரசம் ஏன் சுடுகிறது?

"ஞானப்பல் எடுத்து இரண்டு நாளாகிறது. முதல் நாளைவிட இன்றைக்குத்தான் கன்னம் அதிகமாக வீங்கியிருக்கிறது. ஆறிப்போன ரசம்கூட வாயில் சுடுகிறது. ஐஸ் வைக்கப் போனால், 'பெங்களூர்க் குளிருக்கு ஐஸ் வேறயா, சுடுதண்ணி ஒத்தடம் குடு' என்கிறார் அத்தை." அல்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

வீக்கத்தின் கணக்கு எளிது. காயம்பட்ட இடத்தில் ரத்தக் குழாய்கள் விரிந்து, நீர் கசிந்து திசுக்களில் தேங்குகிறது. அது உச்சத்துக்குப் போவதே 48 முதல் 72 மணி நேரத்துக்குள்தான். உங்கள் கன்னம் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவே.

எனக்குப் பிடித்தது ரசக் கேள்வி.

நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் இருக்கிறது. வெப்பம் ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது திறந்துகொள்ளும், மூளைக்குச் 'சுடுகிறது' என்று சேதி போகும். மிளகாயின் கேப்சைசினும் மிளகின் பைப்பரினும் இதே புரதத்தைத்தான் திறக்கின்றன. அதனால்தான் சூடே இல்லாத காரமும் எரிகிறது. சரி, காயத்தில் என்ன நடக்கிறது? அடிபட்ட செல்கள் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. இவை நேராக வலியைத் தருவதைவிட, நரம்பைத் தொட்டாற்சுருங்கியாக்குவதுதான் அதிகம். நரம்பு முனைக்குள் இவை சில என்சைம்களை முடுக்கிவிட, அந்த என்சைம்கள் டிஆர்பிவி1 புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஏற்றிவிடுகின்றன. பாஸ்பேட் ஏறியதும் திறக்கும் வெப்பநிலை சரிகிறது. ஆய்வகச் சோதனைகளில் 35 டிகிரிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. நம் உடம்பின் சூடோ 37. வெளியிலிருந்து எந்தச் சூடும் வரவே வேண்டாம், சொந்த உடம்பின் வெப்பமே சுடும்! அதன் மேல் மிளகும் மிளகாயும் போட்ட ரசத்தை ஊற்றினால் கேட்கவா வேண்டும்?

இந்தப் புரதத்துக்கான மரபணுவை 1997-இல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டுபிடித்தார்கள். 2021-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தொடங்கிய கேள்வி, மிளகாய் ஏன் எரிகிறது என்பது. நம்மூரில் இதற்கு நிதி கேட்டுப் போனால், "இதனால் என்ன பயன்?" என்ற முதல் கேள்வியிலேயே கோப்பு மூடப்பட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

மருந்துக்கு வருவோம். ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன் 1971-இல் காட்டினார். ஐபுப்ரோஃபென் செய்வதும் அதேதான். ஆனால் அது புதிய உற்பத்தியைத்தான் நிறுத்தும், ஏற்கெனவே சுரந்ததை அழிக்காது. அதனால்தான் மரத்துப்போன வாய் தெளிவதற்கு முன்பே முதல் மாத்திரையைப் போடச் சொல்கிறார்கள். பாராசிட்டமால் வேறு வழியில் வேலை செய்வதால் இரண்டையும் சேர்த்தும் தருவதுண்டு. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்க மருந்து, இவற்றில் எது இருந்தாலும் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். மழைக்காலத்தில் காய்ச்சலும் வந்து டெங்கு சந்தேகம் இருந்தால் ஐபுப்ரோஃபென் கூடாது, ரத்தக் கசிவு கூடலாம்.

அத்தையின் ஒத்தடமும் தவறில்லை, நாள் பார்த்துக் கொடுக்கவேண்டும். முதல் நாள் துணியில் சுற்றிய ஐஸ், கன்னத்தின் வெளிப்பக்கம், 15-20 நிமிடம் வைத்து எடுத்து வைத்து. குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், நரம்பும் மந்தமாகும். இதனால் சளி பிடிக்காது; சளிக்குக் காரணம் வைரஸ். இரண்டு நாள் கழிந்ததும் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கலாம், தாடை இறுக்கம் தளரும். (பல் எடுத்தால் கண் மங்கும் என்று யாராவது சொன்னால், பார்வை நரம்புக்கும் பல் நரம்புக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லுங்கள்.)

ஸ்ட்ரா வேண்டாம், புகை வேண்டாம், வேகமாகத் துப்பவும் வேண்டாம். குழியை மூடியிருக்கும் ரத்தக்கட்டி பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரியும். மூன்றாம் நாள் போல வலி காதுவரை இழுக்கும். அதற்கு மாத்திரை போதாது, டாக்டர் குழியைக் கழுவி மருந்து வைக்கவேண்டும். நான்காம் நாளும் வீக்கம் ஏறிக்கொண்டே போனாலும், சீழோ காய்ச்சலோ வந்தாலும் அன்றைக்கே போங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் நேராக அவசரப் பிரிவுக்கு.