தெர்மோஸ்டாட்: நிறுத்துவதா, நிலைநிறுத்துவதா?

உள்ளங்கையில் அடங்கிவிடும் சிறிய வட்டு. நடுவில் ஒரு மூடி, அடியில் ஒரு பித்தளைக் குமிழ், இரண்டுக்கும் துணையாக ஒரு சுருள்வில். விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் 82 என்ற எண் பொறித்திருப்பது தெரியும். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில், இன்ஜின் தலையின் முன்பக்கம் மூன்று நட்டுகளைக் கழற்றினால் இது கைக்கு வரும். இந்த வட்டின் மேல் நட்டுகளால் பொருத்தியிருக்கும் மேல்மூடி துருவேறி மரையாணிகளோடு ஒட்டிக்கொண்டிருந்தால் கழற்றவே அரை நாள் ஆகும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

இதன் பெயர் தெர்மோஸ்டாட். இன்ஜினைக் குளிர்விக்கும் நீர் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடுவது இதன் வேலை. தமிழில் இதற்கு 'வெப்பக்கட்டுப்படுத்தி', 'வெப்பநிலை நிறுத்தி' என்று சில சொற்கள் வழங்குகின்றன. எது சரி என்ற கேள்வி சொல்லாராய்ச்சியோடு முடிந்துவிடுவதில்லை. பெயரைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் இந்தப் பொருளையும் தவறாகவே தேர்ந்தெடுக்கிறார்கள்.

கிரேக்க மொழியில் 'தெர்மோஸ்' என்றால் சூடான. காய்ச்சலுக்கு வைக்கும் தெர்மாமீட்டரிலும், காபி எடுத்துப்போகும் தெர்மோஸ் குடுவையிலும் இருப்பது அதே சொல். 'ஸ்டாடோஸ்' என்றால் நின்ற, நிற்கிற. சூரியன் நகர்ந்தாலும் கதிரை ஒரே இடத்தில் விழச் செய்யும் ஹீலியோஸ்டாட்டின் வால் இதுதான். இரண்டையும் சேர்த்துக் கருவிக்குப் பெயராக்கியவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஆண்ட்ரூ யூர். வெப்பத்தில் வெவ்வேறு அளவுக்கு நீளும் இரண்டு உலோகப் பட்டைகளை ஒன்றாக ஒட்டினால், சூடேறும்போது பட்டை வளையும். அந்த வளைவைக் கொண்டு காற்றுவழியைத் திறக்கவும் மூடவும் செய்யும் கருவிக்கு அவர் 1830இல் காப்புரிமை பெற்றார். கார்கள் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே பெயர் பிறந்துவிட்டது.

காருக்குள் வந்த பிறகு உள்ளமைப்பு மாறியது. முதலில் எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்த துருத்திகள் இருந்தன. 1930களில் செர்ஜியஸ் வெர்னே மெழுகுக் குமிழைக் கொண்டுவந்தார். குமிழுக்குள் இருக்கும் மெழுகு உருகும்போது பருத்து, ஒரு கம்பியை வெளியே தள்ளும், மூடி திறக்கும். இன்றும் கடையில் கிடைப்பது பெரும்பாலும் இந்த வகைதான். இங்கே ஒரு எச்சரிக்கை. டிரயம்ப் டிஆர் 2, டிஆர் 3 போன்ற வண்டிகளின் துருத்தி வகையில், திறக்கும்போதே, ரேடியேட்டரைத் தொடாமல் நீர் இன்ஜினுக்குத் திரும்பும் மாற்றுவழியை மூடிவிடும் உறை ஒன்று சேர்ந்திருக்கும். உறையில்லாத புதிய வகையை அந்த இடத்தில் பொருத்தினால், சூடான நீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இனி தமிழ்ச் சொற்கள். 'கட்டுப்படுத்தி' என்றதும் நம் மனத்தில் எழுவது எல்லை மீறாமல் பிடித்துவைக்கும் காவலாள். அதனால்தான் சூடேறும் காருக்கு 82ஐக் கழற்றிவிட்டு 74 போட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள். சிலர் அதை அடியோடு கழற்றியே எறிந்துவிடுகிறார்கள். ஆனால் 82 என்பது மூடி திறக்கத் தொடங்கும் வெப்பநிலை, செல்சியஸில். அதற்குக் கீழே நீர் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடாகிறது. பிறகு மூடி கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, சுமார் 95இல் முழுவதும் திறந்துவிடுகிறது. அதற்கு மேல் அது செய்வதற்கு ஒன்றுமில்லை. மிச்ச வேலை ரேடியேட்டருடையது, விசிறியுடையது. மலையேற்றத்தில் 105ஐத் தொடும் வண்டியில் 74 போட்டாலும் அது 105ஐத் தொடத்தான் செய்யும். சற்றுத் தாமதமாகத் தொடும், அவ்வளவுதான். நோய் வேறிடத்தில் இருக்கிறது: அடைத்துப்போன ரேடியேட்டர், இன்ஜின் அடியில் படிந்த துருச்சேறு, தளர்ந்த விசிறி பெல்ட், பின்தள்ளிப்போன இக்னிஷன் டைமிங் (தீப்பொறி தாமதமாக விழுவது). ஆக, இந்தக் கருவி கூரை போடவில்லை, தரை போடுகிறது. 'கட்டுப்படுத்தி' என்ற சொல் இதைச் சொல்வதில்லை.

'நிறுத்தி' அதைவிட நல்ல சொல், ஆனால் இருபுறம் கூரானது. வண்டியை நிறுத்தினான் என்றால் ஓட்டம் ஓய்ந்தது என்று பொருள். தூணை நிறுத்தினான், தேர்தலில் வேட்பாளரை நிறுத்தினார்கள் என்றால் நிற்கச் செய்தார்கள் என்று பொருள். கிரேக்கச் சொல்லுக்கு வேண்டியது இரண்டாவது. வெப்பநிலைநிறுத்தி என்று சேர்த்து எழுதினால் இரண்டு விதமாகப் பிரிக்கலாம்: வெப்பநிலையை நிறுத்துவது, வெப்பத்தை நிலைநிறுத்துவது. பிந்தையதே என் தேர்வு. வீதியெல்லாம் சுற்றிவரும் தேரை அதற்குரிய இடத்தில் கொண்டு சேர்ப்பதை 'நிலைக்கு வந்தது' என்கிறோமே, அந்த 'நிலை' இதில் இருக்கிறது. 'நில்' என்ற வேரிலிருந்தே நிலையும் நிறுத்துவதும் பிறந்தன. கிரேக்கச் சொல்லின் வேருக்கும் நிற்பது என்றுதான் பொருள். ஆகவே 'வெப்ப நிலைநிறுத்தி' என்று இடைவெளி விட்டு எழுதினால் பொருள் பிசகாது. பட்டறையில் தெர்மோஸ்டாட் என்றே சொல்லட்டும், தடையில்லை.

எம்ஜிபிக்குத் தயாரிப்பாளர் குறித்த எண்கள் மூன்று. வெப்ப நாடுகளுக்கு 74, பொதுவாக 82, குளிர் நாடுகளுக்கு 88, எல்லாம் செல்சியஸ். எனவே 82 போட்ட வண்டியில் வெப்பமானியின் முள் 85க்கும் 95க்கும் இடையே நின்றால் அது நலமாக இருக்கிறது. நூறை நெருங்கினால் கொதித்துவிடுமே என்ற பயமும் வேண்டாம். ரேடியேட்டர் மூடி சதுர அங்குலத்துக்குப் பத்து பவுண்டு அழுத்தம் தாங்கினால் வெறும் நீரே சுமார் 115 வரை கொதிக்காது.

குளிர்ந்தே ஓடும் இன்ஜின்தான் எனக்குக் கவலை தருகிறது. ஆவியாகாத பெட்ரோல் துளிகள் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடும், சுவர் தேயும். எரியும்போது உண்டாகும் நீராவி ஆயிலில் படிந்து, ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மோர் நிறத்தில் ஒரு களிம்பாகத் தங்கும். குறுகிய ஓட்டத்துக்கு மட்டும் எடுக்கும் வண்டியிலும் அதைப் பார்க்கலாம். நீண்ட தூரம் ஓட்டிய பிறகும் அது இருந்தால் முதலில் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள்.

வாங்கியதை அப்படியே பொருத்தாதீர்கள். பாத்திரத்தில் நீர் ஊற்றி, அடியைத் தொடாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, சமையல் தெர்மாமீட்டரோடு அடுப்பில் வையுங்கள். 70இல் அசைவிருக்காது. 80ஐத் தாண்டும்போது மூடியின் ஓரத்தில் நகக்கண் அளவு இடைவெளி தெரியும். நீர் பொங்கத் தொடங்கும்போது நன்றாக விரிந்திருக்கும். அடுப்பை அணைத்தால் உடனே மூடாது, மெழுகு இறுக நேரம் பிடிக்கும். 82 என்று பொறித்தது 90 தாண்டியும் வாயைத் திறக்கவில்லையென்றால், புதிதாக இருந்தாலும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.