முத்தம் எப்போ வரும்னு மூளைக்கு முன்னாடியே தெரியும்

அக்கா சோஃபால கால நீட்டி உக்காந்து படம் பாத்துட்டு இருந்தா. டிவில ஒரு குட்டி ஊரு, தெரு முழுக்க சீரியல் லைட்டு, பேக்கரி நடத்துற பொண்ணும் சிட்டில இருந்து வந்த பையனும் பேசிக்கிட்டே பக்கத்துல பக்கத்துல வர்றாங்க. "இப்ப போன் அடிக்கும் பாருடா"ன்னா. அடிச்சுது. அவங்க ரெண்டு பேரும் சட்டுனு விலகிட்டாங்க. நான் அந்த நேரம் தற்செயலா அக்கா மூஞ்சியப் பாத்துட்டு இருந்தேன், போன் அடிக்கறதுக்கு ரெண்டு செகண்டு முன்னாடியே அவ சிரிக்க ஆரம்பிச்சுட்டா.

அந்த ரெண்டு செகண்டு எனக்கு மண்டைக்குள்ளயே நின்னுடுச்சு. அதுல இருந்துதான் இதப் பத்தி தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

அக்கா கனடாவுல ஒட்டாவால நர்ஸா இருக்கா, நான் ஒரு ஆறு மாசம் அவ வீட்லதான் தங்கியிருந்தேன். அங்க அக்டோபர் கடைசி ஆச்சுன்னா போதும், டிவிக்குன்னே எடுக்கற கிறிஸ்துமஸ் காதல் படங்க வரிசையா வர ஆரம்பிச்சுடும். இதுல பெரிய கை ஹால்மார்க் சேனல். 1910-ல அமெரிக்காவுல கன்சாஸ் சிட்டில ஜாய்ஸ் ஹால்னு ஒரு 18 வயசுப் பையன் ஷூ டப்பாவுல போஸ்ட்கார்டு வச்சு விக்க ஆரம்பிச்ச வாழ்த்து அட்டைக் கம்பெனி இருக்குல்ல, அதோட சேனல்தான் இது. இந்தப் பேர்ல 2001-ல வந்துச்சு, 'கவுன்ட்டவுன் டு கிறிஸ்துமஸ்'னு பேர் வச்சு சீசன் முழுக்க இதையே போடறத 2009-ல தொடங்குனாங்க. 2019-ல மட்டும் இந்தச் சேனலுக்கும் அதே கம்பெனியோட இன்னொரு சேனலுக்கும் சேத்து 40 புதுப் படம். கதை என்னவோ கிட்டத்தட்ட ஒண்ணேதான்: சிட்டில வேலை வேலைன்னு ஓடற பொண்ணு, சொந்த ஊருக்கு வர்றா, அங்க ஒரு நல்ல மனுஷன், மூடப்போற ஒரு சத்திரமோ மரப்பண்ணையோ, கடைசில பனி கொட்ட முத்தம். அத்தோட படம் முடிஞ்சுது.

முடிவு தெரிஞ்ச கதைய ஏன் ஒருத்தி வருஷா வருஷம் முப்பது தடவ பாக்கணும்? ரசனை இல்லன்னு சொல்லிட்டுப் போறது ரொம்ப சுலபம், நானும் ஒரு காலத்துல அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன். ஆனா மூளை எப்படி வேலை செய்யுதுன்னு பாத்தா அந்தப் பேச்சு நிக்காது.

முதல்ல டோபமைன், மூளைல நரம்பு செல்கள் ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்லிக்கற ஒரு வேதிப்பொருள். இத எல்லாரும் 'சந்தோஷ ஹார்மோன்'னு சொல்லிச் சொல்லியே கெடுத்து வச்சிருக்காங்க. உண்மையில அது செய்யற முக்கியமான வேலை வேற, எதிர்பார்த்ததுக்கும் நடந்ததுக்கும் உள்ள வித்தியாசத்த அது கணக்கு பாக்குது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ்னு ஒரு விஞ்ஞானி, 1980, 90-கள்ல குரங்குகளோட மூளைல டோபமைன் நரம்பு செல்கள் எப்பெப்ப துடிக்குதுன்னு அளந்து பாத்தார். திடீர்னு ஒரு சொட்டு ஜூஸ் வாய்ல விழுந்தா செல்லு படபடன்னு துடிக்கும். சரி, இப்ப ஒவ்வொரு தடவையும் ஜூஸுக்கு முன்னாடி ஒரு லைட் எரியுதுன்னு வச்சுக்கோங்க. கொஞ்ச நாள்ல குரங்கு கத்துக்கிடும், அதுக்கப்புறம் லைட் எரியறப்பதான் செல்லு துடிக்கும், ஜூஸ் வர்றப்ப கம்முனு இருக்கும், ஏன்னா அது ஏற்கனவே எதிர்பார்த்ததுதானே. அதாவது அந்தத் துடிப்பு பரிசுல இருந்து கிளம்பி பரிசுக்கு முன்னாடி வர்ற அறிகுறிக்கு இடம் மாறிடுது.

இன்னொண்ணும் பாத்தார், எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். லைட் எரிஞ்சும் ஜூஸ் வரலன்னா, ஜூஸ் வந்திருக்க வேண்டிய அதே நேரத்துல அந்தச் செல்லோட துடிப்பு வழக்கத்துக்கும் கீழ இறங்குது. வெளிய இருந்து பாத்தா அந்த நேரத்துல எதுவுமே நடக்கல, ஆனா உள்ள ஒரு கடிகாரம் ஓடிட்டு இருக்கு, 'இந்நேரம் வந்திருக்கணுமே'ன்னு.

குரங்கோட ஜூஸையும் எங்க அக்காவோட படத்தையும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல. ஒரு செல்லுல அளந்தத வச்சு ஒரு முழுப் படத்த விளக்கிட முடியாது. ஆனா மனுஷங்ககிட்டயும் இதுக்குப் பக்கத்துல வர்ற ஒரு ஆய்வு இருக்கு. மான்ட்ரியல்ல மெக்கில் பல்கலைக்கழகத்துல வலோரி சலிம்பூர், ராபர்ட் சடோரே குழு 2011-ல வெளியிட்டது. கேட்டா உடம்பு சிலிர்க்கற இசையா பாத்து அவங்கவங்களையே எடுத்துட்டு வரச் சொன்னாங்க, அதாவது எல்லாம் நூறு தடவ கேட்டுப் பழகினது. அதக் கேக்கறப்ப மூளைய ஸ்கேன் பண்ணிப் பாத்தா, சிலிர்க்கற அந்த நொடில ஒரு பகுதில டோபமைன் வருது, அதுக்கு முன்னாடி, அந்த இடம் வரப்போகுதுன்னு காத்துட்டு இருக்கற நொடிகள்ல இன்னொரு பகுதில வருது. நமக்குப் பிடிச்ச பாட்டுல அந்த ஒரு இடம் வர்றதுக்கு முன்னாடியே கை மயிர் குத்திட்டு நிக்கும்ல, அது கற்பனை இல்லன்னு அன்னிக்குத்தான் நிம்மதி ஆச்சு. பாட்டு தெரிஞ்சிருந்தாதான் அந்தக் காத்திருப்பே வரும், தெரியாத பாட்டுல எதுக்காகக் காத்திருக்க முடியும்?

இப்ப அந்தப் படத்துக்கு வாங்க. போன் அடிச்சு முத்தம் நின்னுபோச்சுல்ல, அத சும்மா இழுவைன்னு நினைக்காதீங்க. முத்தம் வரும்ங்கறது அக்காவுக்குத் தெரியும், கடைசிலதான் வரும்ங்கறதும் தெரியும், ஆனா எத்தனை தடவ கிட்ட வந்து தள்ளிப்போகும், எந்த நொடில போகும்ங்கறது மட்டும் தெரியாது. 'என்ன'ங்கறது உறுதி, 'எப்போ'ங்கறது மட்டும் ஆடிட்டே இருக்கு. இதுக்குப் பின்னாடி ஒரு வியாபாரக் காரணமும் இருக்கு, படத்த பொதுவா ஒம்போது பகுதியா உடைச்சு எழுதறாங்க, நடுநடுல விளம்பரம் வரணும்ல, ஒவ்வொரு பகுதி முடிவுலயும் பாக்கறவங்க சேனல் மாத்தாம இருக்க ஒரு கொக்கி வேணும். பாதில நிக்கற முத்தத்த விட நல்ல கொக்கி என்ன இருக்கு. டால்ஃப் சில்மன்னு ஒரு உளவியல் ஆய்வாளர் 1970-கள்லயே இது மாதிரி விஷயத்த விளக்கியிருக்கார்: ஒரு காட்சில ஏறுன படபடப்பு உடனே இறங்காது, மிச்சம் உடம்புலயே இருக்கும், அடுத்து வர்ற நிம்மதியோட அது சேந்துக்கும், அதனால அந்த நிம்மதி இன்னும் பெருசா தெரியும். எட்டு தடவ தள்ளிப்போட்டுட்டு ஒம்போதாவது தடவ குடுத்தா ஏன் கண்ணு கலங்குதுன்னு இப்ப புரியுதா.

இத அக்காவே எனக்கு நிரூபிச்சுக் காட்டுனா. டிசம்பர்ல ஒரு நாள் பாத்த படத்துல நாப்பதாவது நிமிஷமே முத்தம் குடுத்துட்டாங்க. அக்கா டீ கப்ப டக்குனு கீழ வச்சுட்டு "என்னடா இது, இப்பவே குடுத்துட்டா மீதி நேரம் நான் என்ன பண்றது"ன்னு நிஜமாவே கோவப்பட்டா. வேணும்னு காத்திருந்தது கைக்கு வந்துடுச்சு, ஆனாலும் கோவம். உள்ள ஓடற அந்தக் கடிகாரம் தப்பான நேரத்துல மணி அடிச்சுடுச்சு.

அப்ப ஒரு கேள்வி வரும். எதிர்பார்த்த ஜூஸுக்கு டோபமைன் கம்முனு இருக்கும்னா, எதிர்பார்த்த முத்தம் மட்டும் எப்படி இனிக்குது? மிச்சிகன் பல்கலைக்கழகத்துல கென்ட் பெரிட்ஜ் இதத்தான் வருஷக்கணக்கா பிரிச்சுப் பிரிச்சுக் காட்டுனார். ஒண்ணு வேணும்னு தவிக்கறது வேற, அது கிடைச்சதும் இனிக்கறது வேற. தவிப்புக்குத்தான் டோபமைன், இனிப்புக்கு மூளைல இருக்கற சின்னச் சின்ன இடங்கள், அங்க ஓபியாய்டு (வலிய அடக்க மூளையே சுரக்கற பொருள்) மாதிரி வேற வேதிப்பொருளுக்குத்தான் வேலை. எலிக்கு டோபமைன் கிட்டத்தட்ட இல்லாம பண்ணாக்கூட சர்க்கரை நாக்குல பட்டா அது சப்புக்கொட்டும். இனிக்கறதுக்கு ஆச்சரியம் தேவையில்ல, லட்டு லட்டாதான் இருக்கும்னு தெரிஞ்சேதானே நாமளும் திங்கறோம்.

கதை முடிவு முன்னாடியே தெரிஞ்சா ரசனை கெடும்ங்கற நம்பிக்கைய 2011-ல சான் டியாகோவுல ஜொனாத்தன் லீவிட், நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்டுனு ரெண்டு பேரு சோதிச்சாங்க. 12 சிறுகதை, ஒரு கூட்டத்துக்கு முடிவ முன்னாடியே சொல்லிட்டாங்க, இன்னொரு கூட்டத்துக்குச் சொல்லல. முடிவு தெரிஞ்சவங்கதான் கதைய கொஞ்சம் அதிகமா ரசிச்சாங்க. அப்புறம் வேற ஆளுங்க செஞ்ச சோதனைல இதுக்கு நேர் எதிராவும் வந்திருக்கு, அதனால இது முடிஞ்ச பஞ்சாயத்து கிடையாது. ஆனா முடிவு தெரிஞ்சா மனசுக்கு ஒரு வேலை குறையுதுங்கறது எனக்கு சரியாத்தான் படுது, 'யாரு, என்ன ஆகும்'னு அல்லாடற சக்தி மிச்சமாகி அந்தப் பொண்ணு மாவு பிசையறது, அப்பாகிட்ட அவ பேசற தோரணை, இதெல்லாம் கவனிக்கப் போகுது. சின்னப் பிள்ளைங்க ஒரே கதைய திரும்பத் திரும்பக் கேக்கும்ல, அதுவும் இதே கணக்குதான். நிக்கலோடியன் சேனல்ல 1996-ல வந்த 'ப்ளூஸ் க்ளூஸ்' நிகழ்ச்சில ஒரே எபிசோட திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் அஞ்சு நாளும் போட்டாங்க, ஆய்வு பண்ணிப் பாத்தா நாள் ஆக ஆக பிள்ளைங்க அலுக்காம இன்னும் சத்தமா பதில் சொல்லியிருக்காங்க.

ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுட்டு வர்ற அக்காவுக்கு இதுல இன்னொரு லாபமும் இருக்கு. பன்னெண்டு மணி நேரம் ஒவ்வொரு பெட்டுலயும் அடுத்து என்ன ஆகும்னு தெரியாமயே நிக்கற வேலை அவளோடது. ஜெய் டெரிக்னு ஒரு ஆய்வாளர் 2013-ல வெளியிட்ட ஆய்வுல, மனச அடக்கி அடக்கிக் களைச்சுப் போனவங்க ஏற்கனவே பழகுன கதை உலகத்த அதிகமா தேடிப் போறாங்கன்னும், அதுக்கப்புறம் கொஞ்சம் தெம்பா ஆகறாங்கன்னும் சொல்லியிருக்காங்க. டிவில ஓடற எதையோ பாக்கறதுல அந்தத் தெம்பு வரலியாம். அத படிச்சதுக்கப்புறம் அவ படம் பாக்கறப்ப நான் குறுக்க பேசறத விட்டுட்டேன்.

இனி பனி. இந்தப் படங்கள்ல பனி இல்லாம முத்தம் இல்ல, ஆனா அதுல பலதும் வெயில் காலத்துல எடுக்கறது, ரெண்டு மூணு வாரத்துல ஒரு படத்த முடிச்சுடறாங்க, நிறைய கனடாவுல, பிரிட்டிஷ் கொலம்பியாவுலயும் ஒன்டாரியோலயும். ஒட்டாவால இருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரத்துல அல்மான்டேன்னு ஒரு பழைய கம்பளி மில் ஊரு இருக்கு, ஆத்தோரமா செங்கல் கட்டடங்க, குட்டியா ஒரு மெயின் ரோடு. எத்தனையோ கிறிஸ்துமஸ் படம் அங்க எடுத்திருக்காங்க. ஜூலைல அக்கா என்ன அங்க கூட்டிட்டுப் போனா. வேர்த்து ஊத்துது, நான் ஒரு கடைப் படில உக்காந்தேன், படி இடுக்குல வெள்ளையா என்னமோ அப்பியிருந்துச்சு, நகத்தால நோண்டி எடுத்தா உதிரியா பேப்பர் தூள். அக்கா அத உள்ளங்கைல வாங்கிப் பாத்துட்டு "பனிடா"ன்னா, அவ்வளவு சந்தோஷமா.

பேப்பர் தூள் தரைக்கு, தூரத்துல தெரியற புல்வெளிக்கு வெள்ளைப் பஞ்சு விரிப்பு, மேல இருந்து விழறதுக்கு மெஷின்ல இருந்து வர்ற சோப்பு நுரை, கிட்டத்துல காட்டணும்னா உடைச்ச ஐஸ். நுரை ஏன் ஏமாத்த முடியுதுன்னா விழற வேகம். பெரிய மழைத்துளி செகண்டுக்கு 9 மீட்டர் வேகத்துல இறங்கும், பனித்துகள் ஒண்ணு ரெண்டு மீட்டர்தான், நுரையும் அதே மாதிரி மெதுவா இறங்குனா கண்ணுக்கு பனி மாதிரியே தெரியுது. பழைய ஹாலிவுட்ல வெள்ளை அடிச்ச கார்ன்ஃப்ளேக்ஸக் கொட்டுனாங்க, நடந்தா நொறுக் நொறுக்னு சத்தம், வசனத்த திரும்ப டப்பிங் பண்ணணும். ஆஸ்பெஸ்டாஸக் கூட தூவியிருக்காங்க, அது நுரையீரலுக்கு எமன்னு இன்னிக்குத் தெரியும். 1946-ல வந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்துக்காக தீயணைப்பு நுரைய சோப்போட கலந்து சத்தமில்லாத பனி செஞ்சாங்க, அதுக்கு ஆஸ்கர் அகாடமி தொழில்நுட்ப விருதே குடுத்துச்சு.

ஒண்ணு மட்டும் ஏமாத்தறது கஷ்டம், வாய்ல இருந்து வர்ற புகை. நம்ம மூச்சு 37 டிகிரி உடம்புக்குள்ள இருந்து ஈரத்தோட வருது, வெளிக்காத்து ரொம்பக் குளிர்ச்சியா இருந்தாதான் அந்த ஈரம் குட்டிக் குட்டித் துளியா மாறி வெள்ளையா தெரியும். வெயில்ல கம்பளிக் கோட்டு போட்டு நிக்கற ஹீரோயினுக்கு அது வராது. எத்தனை படம் பாத்தும் நான் இத கவனிக்கவே இல்ல, ஏன்னா பனிய பாத்தவுடனே மூளை குளிரையும் தானே சேத்து நிரப்பிக்குது. நிஜப் பனில இன்னொண்ணும் இருக்கு, புதுசா விழுந்த பனில பத்துல ஒம்போது பங்கு காத்து, அந்தக் குட்டிக் குட்டி இடைவெளிங்க சத்தத்த உறிஞ்சிடும். பனி கொட்டுன ராத்திரில ஒட்டாவால கதவத் திறந்து வெளிய போனேன், அந்த அமைதில என் கோட்டு உரசற சத்தம்தான் எனக்கே கேட்டுச்சு. படத்துல முத்தத்துக்கு முன்னாடி இசைய ஏன் குறைக்கறாங்கன்னு எனக்கு அங்கதான் உறைச்சுது.

நான் ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி அக்கா டிவி போட்டா. மணிச் சத்தம், மேல இருந்து ஒரு ஊரு, கூரையெல்லாம் வெள்ளை, பேர் கூட இன்னும் வரல, அவ உதட்டோரம் அதுக்குள்ள சிரிப்பு. "அக்கா, இது போன வாரம் பாத்ததுதானே"ன்னேன்.

"ஆமா. போர்வைய எடுத்துட்டு வந்து உக்காரு."