உங்கள் புள்ளடி (X) ஆசனமாவது எப்படி?

இலங்கையின் 1977 பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி பாதியைச் சற்றே தாண்டிய வாக்குகளோடு 168 ஆசனங்களில் 140ஐ அள்ளியது. ஏறக்குறைய 30 வீதம் வாக்கெடுத்த சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தவை எட்டே எட்டு. இந்த அநியாயத்தைத் தீர்க்க வந்ததுதான் 1978 அரசியல் யாப்பின் விகிதாசார முறை, அதாவது வாக்கு விகிதத்துக்கேற்ப ஆசனம் தரும் முறை. அதன்படி முதல் பொதுத் தேர்தல் 1989இல் நடந்தது.

இன்று நாடாளுமன்றத்தில் 225 பேர். 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து 196 பேர், நாடு முழுவதும் கட்சிகள் எடுத்த வாக்கு விகிதப்படி தேசியப்பட்டியலில் 29 பேர்.

ஆறு ஆசன மாவட்டம் ஒன்றை வைத்துக் கணக்கைப் பார்ப்போம். 5 வீதத்துக்குக் குறைந்த கட்சிகளைக் கழித்தபின் 250,000 வாக்குகள் மிஞ்சுகின்றன: நான்கு கட்சிகளுக்கு முறையே 90,000, 78,000, 50,000, 32,000. முதலாம் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். மீதி ஐந்தால் வகுத்தால், ஓர் ஆசனத்துக்கு 50,000 வாக்கு. முதல் மூன்று கட்சிகளும் ஆளுக்கொன்று பெறும். எஞ்சிய இரண்டும் மிச்ச வாக்கு கூடியவர்களுக்கு: முதலாவதுக்கு 40,000, நான்காவதுக்கு 32,000. ஆக 3, 1, 1, 1. 78,000 எடுத்த கட்சிக்கும் 32,000 எடுத்த கட்சிக்கும் ஒரே ஆசனம்! போனஸ் முறையில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் சிறிய கட்சிக்கு இங்கே வழியிருக்கிறது.

வாக்குச்சீட்டில் முதலில் கட்சிக்குப் புள்ளடி. பிறகு, விரும்பினால், அதே கட்சியின் வேட்பாளர் இலக்கங்களில் மூன்று வரை விருப்பு வாக்கு, அதாவது கட்சிக்குள் யார் தெரிவாக வேண்டும் என்ற உங்கள் விருப்பம். கட்சிக்குப் போடாமல் இலக்கங்களுக்கு மட்டும் போட்டால் சீட்டு நிராகரிக்கப்படும். வயதானவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னே நிற்பது வாக்காளர் இடாப்பு (வாக்காளர் பட்டியல்). 196இல் 36 ஆசனங்கள் ஒவ்வொரு மாகாணத்துக்கும் நான்காகப் போகின்றன. மற்ற 160உம் பதிவான வாக்காளர் தொகையைப் பார்த்தே மாவட்டங்களுக்குப் பிரிக்கப்படுகின்றன. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனம், 2015இல் 7, 2024இல் 6. இடம்பெயர்ந்தும் புலம்பெயர்ந்தும் போனவர்களின் வெற்றிடம் அந்த எண்ணில் தெரிகிறது. ஊரில் இருந்துகொண்டே பதியாமல் விடுபவர்களும் அதில் சேர்ந்துவிடக் கூடாது. விதானையார் (கிராம அலுவலர்) பதிவுக்கு வரும்போது 18 வயது நிரம்பிய பிள்ளைகளின் பெயரையும் கொடுங்கள். இடாப்பைக் காட்சிக்கு வைக்கும் நாளில் போய்ப் பாருங்கள், விடுபட்டிருந்தால் அப்போதே கோரிக்கை கொடுங்கள்.