கதவு எப்போது திறக்கும் என்று தெரியாத இசை

சினிமாவுக்குப் பின்னணி இசை போடுபவருக்கு ஒரு வசதி உண்டு. கதவு எந்த நொடியில் அறைந்து சாத்தப்படும் என்பது எடிட்டிங்கிலேயே முடிவாகிவிட்டது. காட்சி தொடங்கி 37.5ஆவது நொடியில் அது நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இசை நிமிடத்துக்கு 100 தட்டு வேகத்தில் போனால் அதற்குள் 62.5 தட்டு ஆகியிருக்கும். கதவுச் சத்தம் இரண்டு தட்டுக்கு நடுவில் விழுந்து இடறும். வேகத்தை 96 ஆகக் குறையுங்கள். சரியாக 60 தட்டு. நான்கு தட்டுக் கணக்கில் 15 ஆவர்த்தனம் முடிந்து, 16ஆவதின் முதல் தட்டில் கதவு விழும். பார்ப்பவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, காட்சி நச்சென்று இருந்தது என்று மட்டும் தோன்றும். படம் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுவதால், 120 வேகத்தில் ஒரு தட்டுக்கு 12 ஃபிரேம் என்று இசையையும் படத்தையும் கட்டிப் போட்டுவிடலாம்.

வீடியோ கேமில் இது எடுபடாது. விளையாடுபவர் இரண்டு நொடியில் கதவை உடைத்துக்கொண்டு போவார். இல்லையென்றால் கதவுக்கு முன்னால் ஆளை நிறுத்திவிட்டு வனிலா டீ போடப் போவார். எத்தனை நேரமானாலும் இசை சலிக்காமல் ஓட வேண்டும், அவர் திரும்பி வந்து கதவைத் தொட்டதும் மாறவும் வேண்டும்.

ஆகவே கேமுக்கு எழுதுபவர் முழுப் பாட்டை எழுதுவதில்லை. எங்கே வெட்டினாலும் ஒட்டக்கூடிய துண்டுகளை எழுதுகிறார். எலெக்ட்ரானிக் இசைக்காரர்கள் இந்தப் பக்கம் சுலபமாக வந்து சேர்வது இதனால்தான் என்பது என் எண்ணம். திரும்பத் திரும்ப ஓடும் துண்டான லூப்பும், ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிகளை அடுக்குவதும் அவர்களுக்கு அன்றாடப் புழக்கம். பிரேசிலில் பிறந்த அமோன் டோபின் நடனக் கூடங்களுக்கான இசையிலிருந்து வந்து 2005இல் 'ஸ்ப்ளின்டர் செல்: கேயாஸ் தியரி' கேமுக்கு இசையமைத்தார். டிஸாஸ்டர்பீஸ் என்ற பெயரில் இசை செய்யும் ரிச் வ்ரீலண்ட் 2012இல் வந்த 'ஃபெஸ்' கேமுக்குப் போட்ட இசை ஒரு திரைப்பட இயக்குநருக்குப் பிடித்துப்போனது. 2014இல் 'இட் ஃபாலோஸ்' என்ற திகில் படத்துக்கு அவரே இசை.

சரி, ஒட்டுவது எப்படி? பழைய வழி, துண்டை மாற்றுவது. லூகாஸ்ஆர்ட்ஸ் என்ற கேம் நிறுவனத்தில் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் ஐம்யூஸ் என்ற அமைப்பை உருவாக்கி, 1991இல் 'மங்கி ஐலண்ட் 2'இல் பயன்படுத்தினார்கள். ஓர் ஊரில் கடைக்குக் கடை நுழையும்போது அதே மெட்டு வெட்டுத் தெரியாமல் வேறு வாத்தியத்துக்குத் தாவும். மாற்றம் வந்தவுடன் தாவிவிடாமல் தாளத்தில் பொருத்தமான இடம் வரும்வரை காத்திருப்பதுதான் இதில் சூட்சுமம். ஆனால் காத்திருப்புக்கு விலை உண்டு. 96 வேகத்தில் ஓர் ஆவர்த்தனம் 2.5 நொடி. எதிரி பாய்ந்து இரண்டு நொடி கழித்து இசை பதறினால் சிரிப்புத்தான் வரும். அதனால் அந்த நொடியிலேயே 'டம்'மென்று ஒரு சின்ன ஒலியைப் போட்டுவிட்டு, அதன் மறைவில் அடுத்த ஆவர்த்தனத்துக்குக் காத்திருப்பார்கள். இதற்கு ஸ்டிங்கர் என்று பெயர்.

இன்னொரு வழி அடுக்குவது. ஒரே நீளம், ஒரே வேகம், ஒரே சுருதியில் நாலு பதிவுகள்: கீழே ரீங்காரம், மேலே பேஸ், அப்புறம் பறை, கடைசியில் கிறீச்சிடும் சிந்தசைசர். நாலும் ஒன்றாகவே ஓடும், தேவையானது மட்டும் காதில் விழும். கேம் ஆபத்தை 0 முதல் 100 வரை ஓர் எண்ணாக அனுப்பிக்கொண்டே இருக்கும். 60ஐத் தாண்டினால் பறை என்று எழுதிவைத்தால் வம்பு. எண் 59க்கும் 61க்கும் நடுவே ஊசலாடும்போது பறை வந்து வந்து போகும். ஃபிரிட்ஜ் மோட்டார் ஒரு சூட்டில் ஓடத் தொடங்கி வேறொரு சூட்டில் நிற்பதைப் போல, 60இல் உள்ளே, 45இல் வெளியே என்று இடைவெளி விட வேண்டும்.

ஒன்றை இறக்கி இன்னொன்றை ஏற்றும்போது நடுப்புள்ளியில் இரண்டையும் பாதிப் பாதியாக வைக்கத் தோன்றும். வைத்தால் அங்கே ஒலி பள்ளம் விழும். காது உணர்வது ஆற்றலை. ஆற்றல், ஒலியலையின் வீச்சின் (அலை எழும் உயரத்தின்) வர்க்கத்தோடு ஏறும். 0.5இன் வர்க்கம் 0.25, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு இசைகளைச் சேர்த்தாலும் பாதிதான் கிடைக்கும். ஆளுக்கு 0.707 கொடுத்தால் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 1.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள மெல்போர்னிலிருந்து எஃப்மாட், மான்ட்ரியாலிலிருந்து வைஸ் என்று மென்பொருள்கள் உண்டு. ஆனால் நம் ஊர் வாத்தியங்களின் ஒலியை அவை தராது, நாம்தான் சேகரிக்க வேண்டும்.

எங்கள் மொரிசியஸில் சேகா என்ற ஆட்ட இசைக்கு ரவான் அடிப்பார்கள்: ஆட்டுத்தோல் போர்த்திய அகலமான வளையம். வாசிக்குமுன் தீயில் காட்டுவார்கள். பக்கத்துத் தீவு ரெயூனியனில் நம் மக்கள் கோயில் பறையை வைக்கோல் தீயில் காய்ச்சுவதும் இதற்காகத்தான். ஈரம் போனால் தோல் இறுகும். சுருதி இழுவிசையின் வர்க்கமூலத்தோடு ஏறுவதால், இழுவிசை சுமார் 12 சதவீதம் கூடினால் சுருதி அரை ஸ்வரம் ஏறிவிடும். கொஞ்ச நேரத்தில் தோல் கடற்காற்றின் ஈரத்தைக் குடித்து மறுபடி தளரும்.

ஆட்டத்துக்கு அடிக்கும்போது இது பெரிய விஷயமில்லை, மறுபடி காய்ச்சினால் போச்சு. அடிகளைத் தனித்தனியாகப் பதிந்து, கணினியில் வாசிக்கும் வாத்தியமாக ஆக்கும்போதுதான் தலைவலி. வாசிப்பை எண்களாகக் கணினிக்குச் சொல்லும் மிடி முறையில் அடியின் வலு 1 முதல் 127 வரை. அதை ஈடுகட்ட மெல்லிய அடியிலிருந்து ஓங்கிய அடிவரை ஐந்தாறு படி வேண்டும். படிக்கு நாலைந்து பதிவும் வேண்டும்; ஒரே பதிவு அடுத்தடுத்து ஒலித்தால் காது பிடித்துவிடும். நடு, விளிம்பு என்று இரண்டு இடத்தில் அடித்தாலே எண்ணிக்கை ஐம்பதைத் தொடும். மெல்லிய அடிகளை எல்லாம் முதலில் முடித்துவிட்டு ஓங்கிய அடிகளுக்கு வந்தால், மெல்லியது மேல் சுருதியிலும் ஓங்கியது கீழ் சுருதியிலும் நிற்கும். கணினியில் வேகத்தைக் கூட்டிச் சுருதியைத் தூக்கலாம்தான். ஆனால் ஒலியின் வால் குட்டையாகிவிடும். அதைவிட, ஒருமுறை தோலைக் காய்ச்சியதும் எல்லா வலுவிலும் ஒரு சுற்று அடித்து, மறுபடி காய்ச்சி அடுத்த சுற்றுக்குப் போவது மேல். இன்னொன்று: தாள மென்பொருள்கள் பெரும்பாலும் 16 கட்டத்தோடு திறக்கும். தட்டு மும்மூன்றாகப் பிரியும் சேகா அதில் அடங்காது. 12 ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

பணம்? படம் தொலைக்காட்சியில் ஓடும்போது இசையமைப்பாளருக்கு உரிமத்தொகை வர வாய்ப்புண்டு. கேமை ஒருவர் வீட்டில் ஆயிரம் முறை ஆடினாலும் அது பொது நிகழ்ச்சி ஆகாது. அதனால் பெரும்பாலும் மொத்தமாக ஒரு தொகை, அத்தோடு கணக்கு முடிந்தது. இங்கே படமெடுக்க வந்த வெளிநாட்டுக் குழுக்களுக்கு, அவர்கள் செய்த செலவில் ஒரு பங்கை அரசு திருப்பித் தந்திருக்கிறது. ஆனால் அவர்கள் படப்பிடிப்பு முடிந்ததும் போய்விடுவார்கள், இசை வேலை எடிட்டிங் நடக்கும் ஊரில்தான். எங்கள் ரோஸ்ஹில் ஊரில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேம்தான் கிட்டே இருக்கும் கதவு. எஃப்மாட்டும் வைஸும் சின்ன வேலைகளுக்கு இலவசம். வாய்ப்புக் கேட்கும்போது வெறும் பாட்டை அனுப்பாதீர்கள். ஆபத்து எண்ணை ஏற்றி இறக்கினால் அடுக்குகள் மாறுவதை ஒரு நிமிட வீடியோவாக எடுத்து அனுப்புங்கள்.