கிரிட்ஸ்: ரவை அல்ல, குருணை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதாவது ஒரு சிற்றூர்ச் சாப்பாட்டுக் கடையில் காலையில் போய் உட்கார்ந்தால், முட்டையும் பன்றிக்கறித் துண்டும் வரும்போது கேட்காமலே வெள்ளையாக, குழைவாக ஒன்றும் தட்டில் வந்து விழும். நடுவில் வெண்ணெய் உருகிக்கொண்டிருக்கும். முதல்முறை பார்த்தபோது, வெண்பொங்கலில் மிளகும் சீரகமும் போட மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அதன் பெயர் கிரிட்ஸ். மக்காச்சோளத்தை உடைத்து, தண்ணீரிலோ பாலிலோ வேகவைத்தது. அவ்வளவுதான். இந்த எளிய சாப்பாட்டைத்தான் 2002-இல் ஜார்ஜியா தன் மாநிலத்தின் அதிகாரபூர்வச் சமைத்த உணவாக அறிவித்தது. தென் கரோலினாவில் செயின்ட் ஜார்ஜ் என்ற சின்ன ஊரில் 1986 முதல் இதற்கென்று ஒரு திருவிழாவே நடக்கிறது. கிரிட்ஸ் நிரப்பிய தொட்டியில் உருண்டு எழுந்து, யார் உடம்பில் அதிகமாக ஒட்டியிருக்கிறது என்று எடை போட்டுப் பார்க்கிற போட்டியும் அதில் உண்டு. சோற்றை மிதித்தாலே அடி விழும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைப் பார்க்கக் கொஞ்சம் மனத்துணிவு வேண்டும்.

சரி, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'சோளக் கஞ்சி' என்று எழுதுகிறவர்கள் உண்டு, 'சோள ரவை' என்பவர்களும் உண்டு. இரண்டும் பக்கத்தில் வருகின்றன, ஆனால் இரண்டுமே சரியான இடத்தில் உட்காரவில்லை. ஏன் என்று பார்க்க, ஆங்கிலச் சொல்லின் வயிற்றைக் கொஞ்சம் கிளற வேண்டும்.

கிரிட்ஸ் என்ற சொல்லுக்குள் மக்காச்சோளமே கிடையாது. பழைய ஆங்கிலத்தில் கரகரப்பாக அரைத்த மாவுக்கு 'கிரிட்டா' போன்ற ஒரு சொல் இருந்தது. மணல், சரளை ஆகியவற்றுக்கு 'கிரியோட்' என்ற இன்னொரு சொல் இருந்தது. அந்த இரண்டாவதுதான் இன்று 'கிரிட்' என்று நிற்கிறது: பல்லில் நறநறக்கும் மணல், அப்புறம் உவமையாக மனத்திண்மை. நொறுக்குதல் என்ற ஒரே பொருளிலிருந்துதான் இரண்டும் பிறந்தன என்பது மொழியியலாளர்களின் கருத்து. ஜெர்மன்காரர்களின் 'க்ரூட்ஸ', உமி நீக்கிய ஓட்ஸுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'க்ரோட்ஸ்' எல்லாம் இதே குடும்பத்துப் பங்காளிகள். ஆகவே அந்தச் சொல் எந்தத் தானியம் என்று சொல்லவில்லை, என்ன ஆனது என்றுதான் சொல்கிறது. நொறுங்கியது. பிரிட்டனில் அது ஓட்ஸைக் குறித்தது. கப்பலேறி அமெரிக்கா போனவர்களுக்கு அங்கே கிடைத்தது மக்காச்சோளம். சொல் போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டது.

இதற்குத் தென் கரோலினாவிலேயே சாட்சி இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அங்கே கடலோரச் சதுப்பு நிலங்களில் நெல் விளைந்தது. அந்த நெல்லை விளைவித்தவை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைகள். அவர்களில் பலர் தம் ஊரிலேயே நெல் பயிரிட்டவர்கள். குத்தி, புடைத்து, முழு அரிசி கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகும். உடைந்தது உள்ளூரில் தங்கும். அந்த உடைந்த அரிசிக்கு அங்கே இரண்டு பெயர்கள்: ஒன்று 'மிட்லின்ஸ்', மற்றது 'ரைஸ் கிரிட்ஸ்'. அரிசி கிரிட்ஸ்! அதற்கு நம்மிடம் யோசிக்காமலே பெயர் இருக்கிறது: நொய். குருணை.

நெல் குத்தினாலும் மில்லில் அரைத்தாலும் முழு அரிசி மேலே நிற்க, உடைந்தது சல்லடையில் கீழே இறங்கும். அதுதான் நொய். நொய்ம்மை என்றால் மென்மை, சிறுமை. குறுநொய் என்பதே பேச்சில் சுருங்கி குறுணை, குருணை ஆகிவிட்டது. (குறுணி என்பது வேறு. அது முகத்தல் அளவை, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) விலை குறைவு, சீக்கிரம் வேகும், வேகவைத்தால் குழையும். காய்ச்சல்காரருக்கு நொய்க்கஞ்சி. ரமலான் மாதத்தில் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சிக்கும் நொய்தான். ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் ஊற்றும் கூழிலும் கேழ்வரகு மாவுக்குள் வெந்து மிதப்பது நொய்யரிசியே. ஒரு மிஞ்சிய பொருள், ஏழைகளின் பொருள், பிறகு எல்லோரும் விரும்பும் பொருள். இந்த வரலாறும் கிரிட்ஸுக்கு அப்படியே பொருந்துகிறது.

ரவை ஏன் கூடாது? கூடாது என்றில்லை. அளவில் ரவை நெருங்கித்தான் வருகிறது, கடைகளில் 'மக்காச்சோள ரவை' என்ற பெயரில் பாக்கெட்டும் கிடைக்கிறது. ஆனால் ரவை என்றதும் தமிழ்க் காதில் கோதுமையும் உப்புமாவும் வந்து நிற்கின்றன. அதைவிட முக்கியம், ரவையில் உடைந்த வாடை இல்லை. குருணையில் இருக்கிறது. அமெரிக்க அரசின் உணவுத் தரவிதி கிரிட்ஸை வரையறுப்பதே சல்லடை வைத்துத்தான்: 10-ஆம் எண் சல்லடையில் குறைந்தது 95 சதவீதம் இறங்க வேண்டும், 25-ஆம் எண் சல்லடையில் 20 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது. பெரிதாகவும் இருக்கக் கூடாது, மாவாகவும் ஆகிவிடக் கூடாது. சட்டப் புத்தகத்தில் இருப்பதையே முறம் பிடித்த நம் ஆத்தாக்கள் 'மாவு போகப் புடைச்ச குருணை' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள்.

குருணைக்கு எதிராக ஒரு வாதம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கோழித் தீவனம் என்றால் மக்காச்சோளக் குருணை, வயலுக்குப் போடுகிற மருந்தானால் குருணை மருந்து. சாப்பாட்டுத் தட்டுக்கு இந்தப் பெயரா என்று முகம் சுளிக்கலாம். எனக்கு அது குறையாகப் படவில்லை. கிரிட்ஸும் நெடுங்காலம் மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்த நாட்டுப்புறச் சாப்பாடுதான். 1985-இல் நியூயார்க் டைம்ஸின் உணவு எழுத்தாளர் கிரெய்க் கிளெய்போர்ன், வட கரோலினாவின் சாப்பல் ஹில் ஊரில் பில் நீல் என்ற சமையற்காரர் செய்த இறாலும் கிரிட்ஸும் பற்றி எழுதினார். அதற்குப் பிறகுதான் கரோலினாக் கடலோர மீனவர்களின் காலைச் சாப்பாடு நகரத்து உணவகங்களில் விலையுயர்ந்த பண்டமாக ஏறியது.

கிரிட்ஸோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு சொல் 'ஹாமினி'. இது ஆங்கிலமே அல்ல. வர்ஜீனியாக் கடற்கரையில் வாழ்ந்த பவ்ஹாட்டன் மக்களின் அல்காங்கியன் மொழியிலிருந்து வந்தது. அங்கே ஆங்கிலேயர் அமைத்த ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தின் கேப்டன் ஜான் ஸ்மித், 1630-இல் வெளியான தன் நூலில், வேலைக்காரர்கள் இடித்த மக்காச்சோளத்தைக் கெட்டியாக வேகவைத்துப் பால் ஊற்றிச் சாப்பிடுவதைச் சொல்லும்போது ஹாமினி என்ற பெயரைப் பயன்படுத்துகிறார்.

பிறகு அந்தச் சொல் குறுகியது. இன்று ஹாமினி என்றால் மரச்சாம்பல் நீரிலோ சுண்ணாம்பு நீரிலோ வேகவைத்து, தோல் கழன்று, பருத்து வெளுத்த மக்காச்சோளம். மெக்சிகோவில் இந்த முறைக்கு நிக்ஸ்டமலாக்கம் என்று பெயர், 'நெக்ஸ்ட்லி' என்றால் அந்நாட்டுப் பழங்குடிகளின் நாவட்டில் மொழியில் சாம்பல். இது வெறும் தோல் உரிக்கும் உத்தி அல்ல. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் பிணைந்து கிடக்கிறது. அப்படியே தின்றால் உடம்புக்குச் சேராது. சாம்பல் நீர், சுண்ணாம்பு நீர் போன்ற காரநீரில் (மிளகாய்க் காரம் அல்ல) வெந்தால் விடுபடும். அந்தப் பழங்குடிகளுக்கு வைட்டமின் தெரியாது, சாம்பல் தெரிந்திருந்தது.

குடியேறியவர்கள் மக்காச்சோளத்தை எடுத்துக்கொண்டார்கள், ஹாமினி என்ற பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். சாம்பலை மட்டும் பல இடங்களில் விட்டுவிட்டார்கள். இன்று கடையில் 'ஹாமினி கிரிட்ஸ்' என்று வாங்கும் பாக்கெட்டில் பெரும்பாலும் இருப்பது காரநீர் காணாத வெறும் மக்காச்சோளக் குருணை. தரவிதியிலும் கிரிட்ஸ், கார்ன் கிரிட்ஸ், ஹாமினி கிரிட்ஸ் மூன்றும் ஒன்றுக்கே பெயர்கள். இப்படிப் பெயர் தங்கிப் பொருள் போனதற்கு ஒரு விலை இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தெற்கத்திய ஏழைகளைப் பெலாக்ரா என்ற நோய் பிடித்தது. தோல் வெடிக்கும், வயிறு கெடும், புத்தி பேதலிக்கும், கடைசியில் சாவு. பருத்தி வயல் கூலிகளும் நூற்பாலைத் தொழிலாளர்களும் ஆண்டு முழுக்க மக்காச்சோள மாவு, பன்றிக் கொழுப்பு, கரும்புப் பாகு என்றே சாப்பிட்டு வந்தார்கள். 1914-இல் இதை ஆராய அனுப்பப்பட்ட டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர், தொற்று அல்ல, சாப்பாட்டுக் குறைதான் காரணம் என்றார். நம்பாதவர்களை நம்பவைக்க நோயாளியின் ரத்தத்தைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. 1929-இல் அவர் இறந்து, 1937-இல்தான் அந்தக் குறை நியாசின் என்பது உறுதியானது.

ஓக்லஹோமா மாநிலத்தில் இன்று வாழும் மஸ்கோகி என்ற பழங்குடி மக்கள் சாம்பலை விடவில்லை. 1830-களில் தென்கிழக்கு மண்ணிலிருந்து விரட்டப்பட்டபோது அவர்களோடு போன உணவுகளில் ஒன்று சோஃப்கி. உடைத்த மக்காச்சோளத்தைச் சாம்பல் நீர் விட்டு நீர்க்கக் காய்ச்சியது. புளிக்கவைத்தும் குடிப்பார்கள். வீட்டில் ஒரு பானையில் எப்போதும் இருக்கும், வருகிறவருக்கு முதலில் அதைத்தான் கொடுப்பது வழக்கம். இதற்குத் தமிழ் தேட வேண்டியதில்லை. கூழ்.

இப்போது தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்துக்கு வருவோம். எனக்கு இந்தச் சொல்லாராய்ச்சியில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அந்த ஊர்ப் பழைய குடும்பங்களில் மில்லிலிருந்து வருவது 'கிரிஸ்ட்' அல்லது கிரிட்ஸ், அடுப்பில் வெந்து தட்டுக்கு வருவது ஹாமினி. பச்சையாக இருக்கும்போது ஒரு பெயர், வெந்தபின் இன்னொரு பெயர். மற்ற அமெரிக்கர்களுக்கு இது விசித்திரம். அரிசி வாங்கிச் சோறு சாப்பிடுகிற நமக்கு என்ன விசித்திரம்? ஆங்கிலத்தில் இரண்டையும் 'ரைஸ்' என்று சொல்வதுதான் நமக்கு இன்னும் பழகவில்லை.

ஆக, தமிழுக்கும் இரண்டு சொல் வேண்டும். பச்சையாக இருப்பது மக்காச்சோளக் குருணை. சமைத்தது? கஞ்சி என்றால் குடிக்கிற பதம் வந்துவிடுகிறது, களி என்றால் உருட்டுகிற பதம். கிரிட்ஸ் இரண்டுக்கும் நடுவில் குழைந்து நிற்கிறது. நம் புஞ்சைக் காட்டு ஊர்களில் சோளத்தையும் கம்பையும் இடித்து, உடைத்து, ஆக்கியதற்குச் சோளச்சோறு, கம்மஞ்சோறு என்று பெயர். அந்தத் தடத்திலேயே மக்காச்சோளச் சோறு என்று சொல்லலாம். கரண்டியில் எடுத்தால் வழிகிற அளவுக்கு இளகியிருந்தால் மட்டும் கஞ்சி என்று எழுதுங்கள்.

'மக்கா'வை விட்டுவிடக் கூடாது. தமிழில் சோளம் என்றால் வெள்ளைச்சோளம், இருங்குசோளம். அது வேறு பயிர். அமெரிக்கப் பயிர் கடல் தாண்டி வந்தது கொலம்பஸுக்குப் பிறகு. கடற்கரைத் தள்ளுவண்டியில் மிளகாய்ப்பொடி தடவி விற்கும் கதிரை இப்போது எல்லோரும் சோளம் என்றே சொல்கிறோம் என்பது உண்மைதான். ஆங்கிலத்திலும் இதே விளையாட்டு நடந்தது: 'கார்ன்' என்றால் வெறும் தானியம். இங்கிலாந்தில் கோதுமை, ஸ்காட்லாந்தில் ஓட்ஸ். அமெரிக்காவில் 'இந்தியன் கார்ன்' என்று அடைமொழியோடு தொடங்கி, அந்த அடை உதிர்ந்து, கார்ன் என்றாலே மக்காச்சோளம் ஆகிவிட்டது. நம் அடையும் உதிர்ந்துகொண்டிருக்கிறது. பேச்சில் உதிரட்டும், விளக்கம் எழுதும்போதாவது ஒட்டிவைக்கலாம். இல்லாவிட்டால் தர்மபுரிப் பக்கத்து வாசகர், அமெரிக்காவிலும் வெள்ளைச்சோளச் சோறுதானா என்று கேட்பார்.

கிரிட்ஸ் ஒருமையா பன்மையா என்று அங்கே சாப்பாட்டு மேசையில் சண்டை நடக்கும். வடிவம் பன்மை, பேச்சில் பெரும்பாலும் ஒருமை. குருணைக்கு அந்த வம்பு இல்லை, ஒரு படியானாலும் மூட்டையானாலும் குருணைதான்.

சமைக்கும் முறையிலும் நமக்குத் தெரியாதது அதிகமில்லை. ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர், உப்பு, அடிபிடிக்காமல் கிளறல். கல் திரிகையில் உடைத்த குருணையானால் முக்கால் மணி நேரமாவது ஆகும். அதில் முளைக்கரு நீங்காமல் இருப்பதால் மணம் அதிகம், அதனாலேயே எண்ணெய்ச் சிக்கு வாடை சீக்கிரம் வந்துவிடும். குளிர்பெட்டியில் வைப்பார்கள். ஆலைக் குருணை ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும், கிராமத்துப் பாட்டிகளிடம் அதற்கு மரியாதை இல்லை. மீந்ததை ராத்திரி ஒரு தட்டில் ஊற்றிவைத்தால் விடியும்போது இறுகியிருக்கும். துண்டுபோட்டு மொறுமொறுவென்று வறுத்துச் சாப்பிடுவார்கள்.

தொட்டுக்கொள்ள வெண்ணெய், பாலாடைக்கட்டி, அல்லது பன்றிக்கறி வறுத்த சட்டியில் கறுப்புக் காபியை ஊற்றிச் சுரண்டி எடுத்த ஒரு சாறு. கடலோரத்தில் இறால். உணவகப் பட்டியலில் இருக்கும் 'ஷ்ரிம்ப் அண்ட் கிரிட்ஸ்' என்ற வரியை 'இறால் மசாலாவும் மக்காச்சோளச் சோறும்' என்று மாற்றி, ராமநாதபுரத்துக் கடலோர நண்பர் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். விளக்கம் எதுவும் கேட்கவில்லை. இறால் தோலோடு போடுவார்களா, உரித்தா என்று மட்டும் கேட்டார்.