மேல்முறையீடு: சொல் விளக்கம்

'அப்பீல் போயிருக்கிறார்கள்' என்று பேச்சுவழக்கில் சொல்வதற்கு உரிய தமிழ்ச்சொல் மேல்முறையீடு. கீழமை நீதிமன்றத்தின் தீர்ப்பு தவறு என்று கருதுபவர், அதை நீக்கவோ திருத்தவோ வேண்டி, சட்டம் தந்த உரிமையின்படி மேலுள்ள நீதிமன்றத்தை நாடுவதை இச்சொல் குறிக்கிறது.

அப்பீல் என்பது 'அப்பெல்லாரே' என்னும் இலத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. விளித்தல், அழைத்தல் என்பன அதன் பொருள். முறையிடுதலும் முறை வேண்டிக் குரலெழுப்புவதே. ஓலமிடு, கூச்சலிடு என்பவற்றிலுள்ள 'இடு' இங்கும் நிற்கிறது. கிறிஸ்தவத் திருத்தூதர் பவுல் ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்வதைப் பழைய தமிழ் விவிலியம் 'அபயமிடுகிறேன்' என்றே பெயர்த்திருக்கிறது. 'முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்' என்னும் குறளில் முறை என்பது நீதி. அதே சொல் உறவையும் குறிக்கும். உறவுக்குள் நடந்த கொடுமைக்கு நீதி கேட்கும் வழக்குகளில் இந்த இரண்டு பொருளும் ஒன்றாக வந்து நிற்பதை என்னால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. மேல், முறையீடு இரண்டும் புணர்ந்தால் மேன்முறையீடு என்றாகும். இலங்கையில் அந்த வடிவமே வழங்குகிறது.

மேல்முறையீட்டை 'மறுவிசாரணை' என்று எழுதுவது பிழை; குடும்ப வன்முறை வழக்குகளில் அந்தப் பிழை ஆளை வருத்தும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498அ பிரிவில் (1.7.2024 முதல் நடந்த குற்றங்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவில்), மனைவியைக் கொடுமைப்படுத்தியதற்காகக் கணவருக்கு நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததாகக் கொள்வோம். அவர் 30 நாளுக்குள் அமர்வு (செஷன்ஸ்) நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். இதைக் கேட்ட பெண், அடிபட்ட இரவைப் பற்றி மறுபடியும் கூண்டேறிச் சொல்ல வேண்டுமோ என்று அஞ்சுவாள். பொதுவாக அப்படி இல்லை. மேல் நீதிமன்றத்தின் முன் இருப்பது வழக்கு ஆவணக் கட்டு; அதில் 'அ.சா.1' (அரசுத் தரப்புச் சாட்சி 1) என்று குறிக்கப்பட்ட அவளது சாட்சியம், குறுக்கு விசாரணையில் அவள் தந்த விடைகள், மருத்துவரின் காயச்சான்று ஆகியவை அடுக்கப்பட்டிருக்கும். புகாரில் இடக்கையில் அடி என்றும் சாட்சியத்தில் தோளில் அடி என்றும் இருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த இடத்தில்தான் விரல் வைப்பார். அது இயல்பான மறதியா, வழக்கின் அடிப்படையையே அசைக்கும் முரணா என்று நீதிபதி சான்றுகளை முழுமையாக எடைபோட வேண்டும். நாலு சுவருக்குள் நடந்ததற்கு வேறு சாட்சி அரிது. ஆனால் சாட்சிகளின் எண்ணிக்கை இவ்வளவு இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை, நம்பத்தக்கதாக இருந்தால் ஒருவர் சாட்சியமே போதும்.

'தண்டனை நிறுத்திவைப்பு' என்பதையும் 'தண்டனை ரத்து' என்பதையும் செய்திகள் ஒன்றாக்கிவிடுகின்றன. முன்னது மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறைவேற்றாமல் வைப்பது; குற்றவாளி என்ற தீர்ப்பு அப்போதும் நிற்கிறது. கணவர் பிணையில் வீடு திரும்பியதைக் கண்டு வழக்கே தோற்றுவிட்டதாக ஒரு பெண் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்கிறேன். மேல் நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்யலாம், விடுதலை செய்யலாம், தண்டனையைக் குறைக்கலாம், அரிதாகக் கீழமை நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பி மறுவிசாரணைக்கு உத்தரவிடலாம். தண்டிக்கப்பட்டவர் மட்டுமே மேல்முறையீடு செய்திருந்தால் அதில் தண்டனையைக் கூட்ட இயலாது. 'சீராய்வு' வேறு: அது பெரும்பாலும் கீழமை நீதிமன்றத்தின் ஆணை சட்டப்படி சரியா என்று பார்ப்பதோடு நிற்கும்.

மேல்முறையீட்டாளர் என்றால் தண்டிக்கப்பட்டவர் மட்டுமே என்று எண்ண வேண்டாம். 31.12.2009 முதல், கணவர் விடுவிக்கப்பட்டாலோ, குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டிக்கப்பட்டாலோ, இழப்பீடு போதாதிருந்தாலோ, பாதிக்கப்பட்ட பெண் அரசின் கையை எதிர்பாராமல் தானே மேல்முறையிடலாம். தண்டனை போதாது என்று மேலே போகும் உரிமை மட்டும் இன்னமும் அரசிடமே இருக்கிறது.