ஜுவான்: சுருளா, தொகுதியா?

பழஞ்சீன நூல்களின் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஓர் எண் நிற்கும்: 12 ஜுவான், 120 ஜுவான் என்று. ஜப்பானில் இதே எழுத்தைக் ‘கன்’ என்றும் கொரியாவில் ‘குவொன்’ என்றும் வாசிப்பார்கள். ஆங்கிலப் பட்டியல்கள் இதைத் தொகுதி, அத்தியாயம், சுருள் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

சொல்லின் வேர் சுருட்டுதல். வினையாக வந்தால் மூன்றாம் தொனி, பெயராக வந்தால் நான்காம் தொனி. பட்டிலோ தாளிலோ எழுதி, தாள்களை நீளவாக்கில் ஒட்டி, கடைசியில் ஒரு கோல் வைத்துச் சுருட்டினால் அது ஒரு ஜுவான். சீனாவின் துன்ஹுவாங்கில் கிடைத்த, 868-இல் அச்சான வச்சிரச்சேதிக சூத்திரம் என்ற பௌத்த நூல் அப்படிப்பட்டதுதான். விரித்தால் ஏறத்தாழ 5 மீட்டர். பிறகு தாளை மடித்துத் தைக்கும் வழக்கம் வந்தது. சுருள் போய்விட்டது, எண்ணிக்கை மட்டும் நூலின் உட்பிரிவாக நின்றுவிட்டது.

தைத்த புத்தகத்துக்குச் சீனத்தில் வேறு சொல் உண்டு: ‘ட்ஸ’. ஒரு ட்ஸவுக்குள் பல ஜுவான் அடங்கும். 1408-இல் முடிந்த யோங்லே கலைக்களஞ்சியத்தில் 22,877 ஜுவான். கட்டிய புத்தகங்களோ 11,095 ட்ஸ. இந்தியா வந்த சீனத் துறவி சுவான்சாங்கின் (யுவான் சுவாங்) பயணக் குறிப்பு 12 ஜுவான் என்றதும் பன்னிரண்டு புத்தகம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். தைஷோ திரிபிடகம் என்ற, ஜப்பானில் அச்சான பௌத்த நூல் தொகுப்பின் 51-ஆம் தொகுதியில், எண் 2087-இல், ஏறத்தாழ 80 பக்கத்துக்குள் மொத்தமும் அடங்கிவிடும். காஞ்சிபுரம் வருவது அதன் 10-ஆம் ஜுவானில்.

இதைவிட வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு ஜுவான் நீண்டுவிட்டால் அதை ‘ஷாங்’, ‘ஷியா’ என்று, அதாவது மேல், கீழ் என்று பிளப்பார்கள். மூன்றானால் நடுவில் ‘ட்சோங்’. ஹான் ஷு என்னும் ஹான் அரசமரபின் வரலாறு 100 பிரிவு கொண்டது. இப்படிப் பிளந்ததில் 120 ஜுவான் ஆனது. ஆங்கிலத்தில் எழுதுவோர் மேல், கீழுக்கு ஏ, பி என்று குறியிடுகிறார்கள். இரண்டாகப் பிளந்த 28-இல் பி என்றால் கீழ். மூன்றாகப் பிளந்த 99-இல், அதாவது ஹான் அரியணையைப் பறித்த வாங் மாங்கின் வரலாற்றில், அதே பி என்றால் நடு. அடிக்குறிப்பிலிருந்து மூலத்துக்குப் போகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

28-இன் கீழ்ப் பிளவுதான் தமிழ் வாசகர்களுக்கு வேண்டிய பகுதி. காஞ்சி என்று அறிஞர் பலர் கருதும், சிலர் மறுக்கும் ‘ஹுவாங்ஜி’ நாடு அதில்தான் வருகிறது. ட்சோங்ஹுவா பதிப்பகத்தின் 1962 பதிப்பில் பக்கம் 1671. அந்தப் பதிப்பு 12 ட்ஸ. பக்க எண் முதலிலிருந்து கடைசிவரை தொடர்ச்சியாக ஓடும். ‘தொகுதி 28’ என்று தமிழில் எழுதிவிட்டால், 12 புத்தகத்தில் 28-ஐத் தேடும் நிலைமை.

தமிழில் அத்தியாயம், காண்டம், படலம் எதுவும் பொருந்தாது. அவை பொருளை வைத்துப் பிரிப்பவை. ஜுவான் பெரும்பாலும் நீளத்தை வைத்துப் பிரித்தது. ஒரே ஜுவானில் நாலைந்து பேரின் வரலாறு இருக்கும், ஒருவரின் வரலாறு மூன்றாக உடைந்தும் கிடக்கும். பழைய நூலுக்குச் ‘சுருள்’ என்பதே சரி. ‘ஹான் ஷு, சுருள் 28 கீழ், பக். 1671’ என்று எழுதி, எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்துவிட வேண்டும். பதிப்பு மாறினால் பக்கம் மாறும், சுருள் எண் பெரும்பாலும் மாறாது. பக்க எண்ணே இல்லாத மின்தரவுத்தளத்திலும் அதைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேரலாம். ட்ஸவுக்குப் ‘புத்தகம்’ போதும், புதுச்சொல் படைக்க வேண்டியதில்லை.

இக்கால ஆய்விதழ்களில் மட்டும் ஜுவான் என்றால் தொகுதியேதான். கூடவே வரும் ‘சி’ இதழ் எண். ஜப்பானியத்தில் அந்த இதழ் எண் ‘கோ’. கொரிய மொழியில் குவொன் புத்தகங்களை எண்ணும் அலகாகவும் வரும்: ‘சேக் சே குவொன்’ என்றால் மூன்று புத்தகம், அவ்வளவுதான்.